வகுப்பறையிலிருந்து வார்டுக்கு: நர்சிங், மிட்வைஃபரி கல்வி ஆய்வு – வாசகர் கேள்விகள்

நர்சிங், மிட்வைஃபரி கல்லூரிகளில் கற்பித்துக்கொண்டே ஆய்வும் செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: புதிய வீடியோ பாடம் ஒன்றைத் தயாரித்து, 60 மாணவியருக்கு முன்தேர்வும் பின்தேர்வும் வைத்தேன். மதிப்பெண் நன்றாகவே கூடியது. பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. ஆனாலும் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. எங்கே பிழை?

பதில்: கணக்கில் பிழை இல்லை, ஆய்வுக் கேள்வியில்தான் இருக்கிறது. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்பதை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்காத ஒன்றை நிரூபித்துக் காட்டினால், கட்டுரையை மதிப்பிடும் நடுவர்களுக்கு அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிடுவதற்கான, புதிய பாடம் பெறாத குழு) இல்லாத முன்–பின் தேர்வில், மதிப்பெண் உயர்வுக்கு வீடியோவைத் தவிர வேறு காரணங்களும் இருக்கலாம். முன்தேர்வே ஒரு பாடம்: விடை தெரியாத கேள்வியை மாணவி அன்று மாலையே தேடிப் படித்துவிடுவாள். இரண்டு தேர்வுக்கும் நடுவில் வார்டு போஸ்டிங் இருந்தால் அங்கேயும் கற்றிருப்பாள். முதல் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்கள், எதுவுமே கற்பிக்காவிட்டாலும் அடுத்த தேர்வில் சராசரியை நோக்கி நகர்வார்கள். சிறிய பி மதிப்பு இவற்றில் எதையும் விலக்குவதில்லை. உயர்வு தற்செயலானது அல்ல என்பதோடு அது நின்றுவிடுகிறது.

அடுத்த முறை குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு வீடியோ, மற்றதற்கு வழக்கமான வகுப்பு. இரண்டுக்கும் நேரம் சமமாக இருக்க வேண்டும். வீடியோ குழுவுக்கு ஒரு மணி நேரம் கூடக் கிடைத்தால் நீங்கள் அளப்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான். கடைசித் தேர்வு முடிந்ததும் இரண்டாம் குழுவுக்கும் வீடியோவைக் கொடுத்துவிடுங்கள். யாருக்கும் குறை வைக்கவில்லை என்பதை எத்திக்ஸ் கமிட்டிக்கும் காட்ட முடியும். பின்தேர்வை அன்றே வைப்பதோடு நிறுத்தாமல், 6 முதல் 12 வாரம் கழித்து இன்னொன்றும் வையுங்கள். அதற்கு அதே கடினத்தன்மை கொண்ட வேறு கேள்வித்தாள் வேண்டும்.

பயிற்சியின் பலனை நான்கு படிகளாகப் பார்க்கும் முறையை டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் முன்வைத்தார்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. நம் துறையின் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகின்றன. நான்காம் படி, அதாவது தாயின் அல்லது சேயின் உடல்நிலை, நூறு காரணங்களால் மாறும்; தனி ஆசிரியரால் அதை அளப்பது கடினம். மூன்றாம் படிதான் ஆசிரியர்–ஆய்வாளரின் கைக்கு எட்டுவது, ஆட்கள் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

கேள்வி: பிரசவத்துக்குப் பிந்தைய ரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடும் திறனை ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். சிமுலேஷன் லேபில் (வார்டைப் போலவே அமைத்த பயிற்சி அறையில்) நிலையங்களை, அதாவது ஒவ்வொரு அளவு போலி ரத்தம் வைக்கும் இடங்களை, எப்படி அமைப்பது?

பதில்: நல்ல தலைப்பு. சரியான விடை மில்லிலிட்டரில் இருக்கிறது. கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆறு முதல் எட்டு நிலையங்கள் போதும். அளவுகளை 500, 1000 என்று ஐநூறின் மடங்காகவே வைக்காதீர்கள். மாணவியர் ஊகிக்கும்போது அப்படிப்பட்ட எண்ணையே எழுதுவார்கள், அது தற்செயலாகச் சரியாகிவிடும். 120, 350, 650, 900, 1300 என்பதுபோல் கலந்து வையுங்கள். நாப்கின், விரிப்பு, கிட்னி டிரே, தரை, அளவுக்கோடு இல்லாத பிளாஸ்டிக் டிரேப் (பிரசவத்தின்போது கீழே விரிக்கும் உறை) என்று ரத்தம் சேரும் இடங்களும் மாறட்டும். திரவத்தை அளவு உருளையில் அளந்து ஊற்றுங்கள். ஜக்கில் போட்டிருக்கும் கோடுகளை நம்ப வேண்டாம். துணியையும் பேடையும் உலர்ந்த நிலையில் ஒரு முறை, ஊற்றிய பின் ஒரு முறை எடை போட்டுக் குறித்துவைத்தால், பின்னால் கேள்வி எழும்போது பதில் சொல்ல ஆதாரம் இருக்கும். 1 கிராம் என்பதை 1 மில்லிலிட்டராகக் கொள்வது வழக்கம். உண்மையான ரத்தம் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானது என்பதால், வார்டில் எடைபோடும் முறை அளவைச் சிறிது கூட்டியே காட்டும்.

வெறும் நிறத் தண்ணீர் வேண்டாம். அது ரத்தத்தைவிட வேகமாகவும் அகலமாகவும் பரவும். குறைந்த அளவும் பெரிதாகத் தெரியும். கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்து, ஓரிரண்டு நிலையங்களிலாவது ஜெலட்டினால் செய்த கட்டிகளையும் வையுங்கள். விளிம்புகள் காயத் தொடங்கினால் தோற்றம் மாறிவிடும். அதனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புதிதாகத் தயாரித்து, தயாரித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசையும் முக்கியம். 1300-ஐப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு 350 அற்பமாகத் தெரியும். எனவே பாதிப் பேர் முதல் நிலையத்திலிருந்தும், மீதிப் பேர் கடைசியிலிருந்தும் தொடங்கட்டும். நிலையத்துக்கு ஒரு நிமிடம், மணியடித்ததும் நகர வேண்டும், பேச்சு கூடாது, விடைத்தாளை அங்கேயே வாங்கிவிட வேண்டும். முதல் பேட்ச் வெளியே வந்த பத்தாவது நிமிடத்தில் எல்லா விடைகளும் இரண்டாம் பேட்ச்சின் கைபேசியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்: அதே அளவுகளை வேறு பொருள்களுக்கு மாற்றிவிட்டால் போதும்.

பகுப்பாய்வில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிழையைச் சதவீதமாக்குங்கள்: மதிப்பீட்டிலிருந்து உண்மை அளவைக் கழித்து, உண்மை அளவால் வகுத்து, நூறால் பெருக்குவது. இதைக் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு முறையும், குறி இல்லாமல் ஒரு முறையும் கணக்கிட வேண்டும். ஒருத்தி 50 சதவீதம் கூட்டியும் இன்னொருத்தி 50 சதவீதம் குறைத்தும் எழுதியிருந்தால், குறியோடு எடுத்த சராசரி பூஜ்யம்! இருவருமே துல்லியமாக மதிப்பிட்டதுபோல் அட்டவணை பொய் சொல்லும். குறைந்த இழப்பை மிகையாகவும் அதிக இழப்பைக் குறைத்தும் மதிப்பிடுவது பல ஆய்வுகளில் கண்ட போக்கு. ஆகவே எல்லா நிலையங்களையும் சேர்த்து ஒரே சராசரி எடுக்காமல், அளவுவாரியாகத் தனித்தனியே கொடுங்கள். அதிக ரத்தப்போக்கின் எல்லையாக வழக்கமாகக் கொள்ளும் 500 மில்லிலிட்டரைத் தாண்டிய நிலையங்களில் எத்தனை பேர் அதற்குக் கீழே எழுதினார்கள் என்பதையும் சொல்லுங்கள். வார்டுக்குப் பயன்படும் எண் அதுதான்.

கேள்வி: நான் பாடம் எடுக்கும் மாணவியரையே ஆய்வில் சேர்க்கலாமா? எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

பதில்: எல்லோரும் தயாராக இருக்கிறார்கள் என்பதே கவலைப்பட வேண்டிய அறிகுறி. இன்டர்னல் மார்க் உங்கள் கையில் இருக்கும்வரை அவர்களால் சுலபமாக மறுக்க முடியாது. சேர்க்கலாம், ஆனால் உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் சில தடுப்புகள் வேண்டும்.

ஆய்வை விளக்குவதும் கையெழுத்து வாங்குவதும் அவர்களுக்கு மதிப்பெண் போடாத ஒருவர் செய்யட்டும். அப்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டாம். யோசிக்க ஒரு நாளாவது கொடுங்கள். யார் சேர்ந்தார்கள், யார் மறுத்தார்கள் என்ற பட்டியல் தேர்வு முடிவு வெளியாகும்வரை உங்களிடம் வரக் கூடாது. பெயருக்குப் பதில் குறியீட்டு எண். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் வேறொருவரின் பூட்டில். பங்கேற்றால் கூடுதல் மதிப்பெண் என்பது கூடவே கூடாது. பாடத்தின் பகுதியாக எழுதிய ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்களை (தம் அனுபவத்தை அசைபோட்டு எழுதும் குறிப்பேடுகளை) தரவாக எடுப்பதானால், மதிப்பெண் போட்டு முடித்த பிறகு தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

இது நெறிமுறைக்காக மட்டும் சொல்வதல்ல. தடுப்பு இல்லாவிட்டால் உங்கள் தரவே கெட்டுவிடும். டீச்சர் செய்த வீடியோவைப் பற்றி டீச்சரே கேட்டால் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அதிலிருந்து எதைக் கண்டுபிடிப்பீர்கள்?

கேள்வி: எத்தனை பேர் வேண்டும்? இரண்டு கல்லூரிகளில் ஒன்றில் புதிய முறை, மற்றதில் பழைய முறை என்று திட்டம்.

பதில்: முதலில் எண்ணிக்கை. இரண்டு குழுக்களின் சராசரி வித்தியாசம் நடுத்தர அளவில், அதாவது திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவில்) பாதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில் (இல்லாத வித்தியாசத்தை உண்டு என்று சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீத ஆற்றலுக்கு (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்கு 64 பேர் வேண்டும். மூன்று மாதம் கழித்து வைக்கும் தேர்வுக்கு 15 சதவீதம் பேர் வராமல் போகலாம் என்றால், 64-ஐ 0.85-ஆல் வகுத்து 76 பேராக எடுத்துக்கொள்ளுங்கள். 64-இன் 15 சதவீதத்தை அப்படியே கூட்டினால் 74 வரும். அது சற்றுக் குறைவு.

இனி உங்கள் திட்டத்தின் உண்மையான சிக்கல். ஒரு கல்லூரிக்கு ஒரு முறை என்றால், ஆசிரியர், லேபர் ரூம், கால அட்டவணை என எல்லாமே அந்த முறையோடு பின்னிக்கொள்ளும். மாணவியர் இருநூறு பேர் இருந்தாலும் ஒப்பிடப்படுவது ஒரு கல்லூரியும் இன்னொரு கல்லூரியும்தான். இதை எந்தப் புள்ளியியல் சோதனையாலும் பிரித்தெடுக்க முடியாது.

முழு பேட்ச்சுகளாகக் குலுக்கிப் பிரிப்பதானால் அதற்கு ஒரு பெருக்கல் எண் உண்டு: பேட்ச்சின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, பேட்ச்சுக்குள் இருக்கும் ஒற்றுமையின் அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பேட்ச்சுக்கு 20 பேர், ஒற்றுமை 0.05 என்றால் 1.95 வரும். குழுவுக்கு 64 என்பது 125 ஆகிவிடும், அதாவது குழுவுக்கு ஏழு பேட்ச். அவ்வளவுக்கு வசதி இல்லையென்றால், இரண்டு கல்லூரிகளிலும் உள்ளேயே மாணவியரைத் தனித்தனியாகக் குலுக்குங்கள். பாடப்பொருள் ஒரு குழுவிலிருந்து மற்றதற்குக் கசியும் என்ற ஆபத்து இருக்கிறது. பயிற்சியையும் முதல் பின்தேர்வையும் ஒரே நாளில் முடித்து, கோப்புகளைக் கையில் கொடுக்காமல் லேபிலேயே காட்டினால் கசிவு பெரிதும் குறையும்.

கேள்வி: என் அளவீட்டுக் கருவியின் (கேள்வித்தாள், சரிபார்ப்புப் பட்டியல்) செல்லுபடித்தன்மைக்கு, அதாவது அளக்க வேண்டியதையே அது அளக்கிறது என்பதற்கு, ஐந்து நிபுணர்களிடம் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். போதாதா?

பதில்: சான்றிதழ் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு உதவும். நடுவர் கேட்பது எண். ஒவ்வொரு உருப்படியும் எவ்வளவு பொருத்தமானது என்று நிபுணர்கள் 1 முதல் 4 வரை மதிப்பிட வேண்டும். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதமே அந்த உருப்படியின் குறியீடு. ஐந்து அல்லது அதற்குக் குறைவான நிபுணர்கள் என்றால் எல்லோருமே ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 0.78 எல்லை: ஆறில் ஐந்து பேர் 0.83, ஏற்கலாம், ஆறில் நான்கு பேர் 0.67, திருத்துங்கள் அல்லது நீக்குங்கள். முழுக் கருவியின் சராசரி 0.90-ஆவது இருப்பது நல்லது. நிபுணர்கள் எல்லோரும் உங்கள் கைடுக்குத் தெரிந்த பேராசிரியர்களாக இல்லாமல், லேபர் ரூமில் இன்று பணியில் இருக்கும் இருவரையாவது சேருங்கள். படிவத்தில் இருப்பதும் கையால் செய்வதும் எங்கே வேறுபடுகின்றன என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

சரி–தவறு விடையுள்ள அறிவுத் தேர்வுக்கு நம்பகத்தன்மையை, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, கே.ஆர்.-20 என்ற கணக்கீட்டு முறையில் பாருங்கள். மனப்பான்மை அளவுகோலுக்கு அதேபோல் கிரான்பாக் ஆல்பா என்ற எண். செய்முறைச் சரிபார்ப்புப் பட்டியலுக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த பின் இருவரும் ஒத்துப்போகும் அளவு) பாருங்கள். அநேகமாக எல்லோருமே சரியாகச் செய்யும் படிகளில், இருவரும் ஒத்துப்போனாலும் கப்பா குறைவாகவே வரும். பதற்றப்படாமல் ஒத்துப்போன சதவீதத்தையும் பக்கத்தில் கொடுங்கள்.

கேள்வி: பேட்டி வழி ஆய்வு செய்ய ஆசை. 12 பேர் போதும் என்கிறார்கள், உண்மையா?

பதில்: மந்திர எண் எதுவும் இல்லை. கேள்வி குறுகலாக, பங்கேற்பாளர்கள் அதை நேரடியாக அனுபவித்தவர்களாக, பேட்டி ஆழமாக இருந்தால் 12 பேரிடமே நிறையக் கிடைக்கும். ‘மிட்வைஃப்களின் அனுபவங்கள்’ என்று அகலமாக வைத்தால் 40 பேரிடம் பேசினாலும் மேலோட்டம்தான்.

நேரத்தைக் கணக்கிட்டுத் தொடங்குங்கள்: ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். இரவு ஷிஃப்ட் முடிந்து வருபவரிடம் உடனே பேட்டி எடுக்காதீர்கள். மேற்பார்வையாளரின் அறையிலும் வேண்டாம். பேட்டி வழி ஆய்வுகளை எழுதுவதற்காக 2007-இல் வந்த கோரெக் பட்டியலில் 32 உருப்படிகள் இருக்கின்றன. எழுதும்போது அல்ல, திட்டமிடும்போதே அதைத் திறந்துவையுங்கள், ஏனென்றால் பேட்டியாளர் யார், பங்கேற்பாளருக்கு அவரை முன்பே தெரியுமா என்பதெல்லாம் அதில் கேட்கப்படும். பிரான், கிளார்க் என்ற ஆய்வாளர்கள் இருவரின் கருப்பொருள் பகுப்பாய்வை (பேட்டிகளில் வரும் பொதுவான கருத்துகளைத் தொகுக்கும் முறையை) பின்பற்றுவதாக எழுதிவிட்டு, பேட்டி வரிகளை வகைப்படுத்தும் இரு குறியீட்டாளர்களுக்கு இடையே கப்பா கணக்கிட்டுக் காட்டுபவர்கள் உண்டு. ஆய்வாளரின் பார்வையும் சேர்ந்துதான் கருப்பொருள் உருவாகிறது என்பது அந்த முறையின் அடிப்படை. கப்பா அதற்கு முரண்.

பெயரை மாற்றினால் மட்டும் அடையாளம் மறையாது. ‘30 ஆண்டு அனுபவமுள்ள பொறுப்பு சிஸ்டர்’ என்று எழுதினால், அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: முனைவர் பட்டம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கல்லூரியில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று கேட்கிறார்கள்.

பதில்: எண்ணிக்கைக்காக ஆண்டுக்கொரு புதிய தலைப்பு என்று தாவுவதுதான் பெரிய ஆபத்து. ஒரு வருடம் தாய்ப்பால், அடுத்த வருடம் மன அழுத்தம், அதற்கடுத்து ஆன்லைன் வகுப்பு. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் நிதி கொடுப்பவருக்குக் காட்ட ஒரு தடம் இருக்காது. ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதன் படியை மட்டும் மாற்றுங்கள்.

மேலே சொன்ன ரத்த இழப்பு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். முதலில் லேபில் பிழை எவ்வளவு என்று அளக்கிறீர்கள். அடுத்தது, கற்ற திறன் எத்தனை மாதத்தில் தேய்கிறது, நினைவூட்டல் பயிற்சி எப்போது வேண்டும் என்பது. மூன்றாவது வார்டில்: பயிற்சி பெற்றவர்கள் அளந்து பதிகிறார்களா, அல்லது கேஸ் ஷீட்டில் பழையபடி ஒரே எண்ணை எழுதுகிறார்களா? நான்காவது தாயின் நலம். அதற்கு மகப்பேறு மருத்துவர், புள்ளியியலாளர், பல மருத்துவமனைகள் என்று குழு தேவை. 2023-இல் முடிவு வெளியான இ-மோட்டிவ் ஆய்வு, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. அளவுக்கோடு போட்ட டிரேப்பால் ரத்தப்போக்கை முன்கூட்டியே கண்டறிந்து, சிகிச்சைகளை ஒரே தொகுப்பாகக் கொடுத்தபோது கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. பயிற்சியும் அதில் ஒரு பகுதி. ஆனால் பயிற்சி மட்டும் அல்ல. கருவி கைக்கெட்டும் இடத்தில் இல்லாவிட்டால் கற்றது கையில் வராது என்பதைக் கல்வி ஆய்வாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஆய்வேட்டிலிருந்து நேர்மையாக மூன்று கட்டுரை எடுக்கலாம்: இலக்கிய மீளாய்வு, கருவி உருவாக்கம், முதன்மை முடிவு. ஒரே பங்கேற்பாளர்களின் ஒரே முடிவை அறிவு, மனப்பான்மை, திறன் என்று மூன்றாக வெட்டி, ஒன்றுக்கொன்று குறிப்பிடாமல் அனுப்பினால் பிடிபடும்போது மூன்றும் போகும். மீளாய்வுக்குத் தேடும்போது மருத்துவ, நர்சிங் தரவுத்தளங்களான பப்மெட், சினால் இரண்டோடு நிற்காமல், கல்வித் துறையின் எரிக் தரவுத்தளத்தையும் பாருங்கள். நம் துறையினர் பலரும் அதைத் தொடுவதே இல்லை. முதுநிலை மாணவியருக்கு வழிகாட்டும்போது உங்கள் கேள்வியின் சிறு பகுதியை ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், அவர்கள் உழைப்பும் சிதறாது.

கேள்வி: முழுநேரக் கல்வி ஆய்வுக்கு வந்துவிட்டால் வார்டுத் தொடர்பு அவசியமா?

பதில்: அவசியம். ஓர் எடுத்துக்காட்டே போதும். பிரசவம் முன்னேறுவதைக் குறித்துவைக்கும் வரைபடமான பழைய பார்டோகிராஃபில் எச்சரிக்கைக் கோடு, கருப்பை வாயின் 4 செ.மீ. விரிவில் தொடங்கி, மணிக்கு 1 செ.மீ. என்று போகும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பிரசவத்தின் தீவிர நிலை 5 செ.மீ.யில் தொடங்குவதாகப் பரிந்துரைத்தது. 2020 டிசம்பரில் அதற்கேற்ற பிரசவப் பராமரிப்பு வழிகாட்டிப் படிவமும் வந்தது. அதில் ஒற்றைக் கோடு இல்லை, ஒவ்வொரு செ.மீ.க்கும் தனிக் கால வரம்பு: 5 செ.மீ.யில் 6 மணி நேரம், 9 செ.மீ.யில் 2 மணி நேரம். பத்தாண்டுக்கு முன் தயாரித்த கேள்வித்தாளை அப்படியே பயன்படுத்தினால், புதிய வழிகாட்டுதலைக் கற்ற மாணவி தவறாகவும், பழையதை மனப்பாடம் செய்தவள் சரியாகவும் ஆகிவிடுவார்கள். ஆய்வு முடிவே தலைகீழாகும். போதாததற்கு, போஸ்டிங் நடக்கும் வார்டில் எந்தப் படிவம் இருக்கிறது என்பதையும் நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மிட்வைஃப்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2010-இல் வெளியிட்ட கல்வித் தரநிலை, பாடத்திட்டத்தில் குறைந்தது 40 சதவீதம் கோட்பாடும் 50 சதவீதம் செய்முறையும் இருக்க வேண்டும் என்றது. வகுப்பறையை மட்டும் ஆராய்பவர் பாதிப் பாடத்திட்டத்தைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்.

கேள்வி: ‘மூன்று நாளில் ஏற்பு’ என்று இதழ்களிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். மூன்று நாளில் இரண்டு நடுவர்கள் உங்கள் புள்ளியியலைப் படித்திருக்க முடியாது. கட்டணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளம் அல்ல. நல்ல திறந்த அணுகல் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களும் கேட்கும், ஆனால் தொகையை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடும். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் இரண்டு பேரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தரவுத்தளத்தில் இருப்பதாக இதழ் சொல்கிறதோ, அந்தத் தரவுத்தளத்தின் சொந்தத் தளத்தில் இதழின் பெயரைத் தேடுங்கள், இதழ் தரும் இணைப்பு வழியாகப் போகாதீர்கள்.

கேள்வி: துறைத்தலைவர் தன் பெயரையும் கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார். எப்படி மறுப்பது?

பதில்: மறுப்பதைவிட முன்கூட்டியே எழுதி வைப்பது சுலபம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது கூர்ந்து திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் ஒருசேர வேண்டும். ஆய்வு தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கத் தாளில் யார் என்ன செய்யப்போகிறார்கள், பெயர் வரிசை என்ன என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தலைவருக்கும் பகுப்பாய்வையும் வரைவின் ஒரு பகுதியையும் அதில் ஒதுக்குங்கள். அதைச் செய்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து பொறுப்பும் ஏற்றால் பெயர் நியாயமாகவே வரும். செய்யவில்லையென்றால், அனுமதியும் வசதியும் தந்ததற்காக நன்றியுரையில் குறிப்பிடலாம்.